ஸ்கூடாய் ரோட்டில் ஒரு மீன் தலை

எட்டு வருஷக் குடித்தனத்தில் என் மனைவி வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜொகூரில், ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் கிராணி. விடியற்காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது முதல் துரைக்குக் கடிதம் எழுதுவது வரை எல்லாம் என் பொறுப்பு. மதியம் கொலைப்பசியோடு வீட்டுக்கு வருவேன். அவள் இலை போட்டுப் பரிமாறுவாள். நான் கை கழுவிப் போன பிறகு, அடுக்களையில் உட்கார்ந்து இருப்பதைச் சாப்பிடுவாள். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் நான் அதை யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் அவள் மெலிந்துகொண்டே போனாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"உடம்புல ரத்தமே இல்ல, கிராணி. மருந்து தர்றேன். ஆனா நல்லா சாப்பிட வைங்க. இல்லாட்டி ஒரு காய்ச்சல் வந்தாக்கூட தாங்க மாட்டாங்க."

நானும் தினம் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்பாள். கேட்டதோடு என் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

ஊர் சுற்றினால் பசி எடுக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரின் பழைய காரை இரவல் வாங்கி, ஜொகூர் பாருவுக்குக் கடல் பார்க்கக் கிளம்பினோம். ஸ்கூடாய் அருகே கார் கொதித்து நின்றுவிட்டது. எதிரே அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்று. கடலோரத்து ஊரிலிருந்து வந்த பாய் ஒருவர் நடத்தினார். கடையின் அழுக்கையும் ஈயையும் பார்த்து நான் முகம் சுளித்தேன். காருக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தேன். அடுப்பிலிருந்து வந்த மணத்துக்கு அவள் நின்றுவிட்டாள்.

"இங்கேயே சாப்பிடலாமா?"

பாய் அடுத்தடுத்து இரண்டு இலை போட்டார். அவள் உட்காரத் தயங்கினாள். "கார் ஆறுறதுக்குள்ள ரெண்டு பேரும் சாப்பிட்டுருங்க, தங்கச்சி" என்றார். அதன் பிறகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாங்காய் போட்ட மீன் ஆணம். குழம்பை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கடையில் அப்படி ஒரு ருசியை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"தலை யாருக்கு?" என்று பாய் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் "எனக்கு வைங்க" என்றாள் அவள்.

வீட்டில் தலை எப்போதும் என் இலைக்குத்தான் வரும். எனக்கு அதில் பெரிய ஆசை கிடையாது. பாதியைக் கொறித்துவிட்டு ஒதுக்கிவிடுவேன். அவளோ கன்னத்துச் சதையைப் பிரித்து, எலும்பை உறிஞ்சி, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மூக்கு நுனியில் வியர்த்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இவ்வளவு பிடிக்கும்னு வீட்டுல சொல்லவே இல்லியே?"

"வீட்டுல அது உங்களுக்குத்தானே."

"நாளையிலேருந்து சேர்ந்தே சாப்பிடலாம்" என்றேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் மதியம் அவளையும் உட்காரச் சொன்னேன். "நீங்க முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள். எனக்குப் பசி. நான் வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த நாள் கேட்கவே இல்லை. பாழாய்ப்போன பசி என்று இன்றைக்குத் திட்டுகிறேன். பசியைத் திட்டி என்ன பயன், என் புத்தி எங்கே போயிருந்தது?

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டிரெசர் சொன்னபடியே ஆயிற்று. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தெப்ராவிலிருந்து அண்ணி வந்திருந்தார். செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டுமே.

"தம்பி, அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"மீன் தலை. மாங்காய் போட்டு வைங்க."

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது உங்களுக்குப் பிடிக்கும்னுதானே தேடித் தேடி வாங்குவா?"

எனக்கு அழுகை வந்தது.

அண்ணி சமைத்தார். விளக்கின் முன் இலை போட்டு, சோற்றின் நடுவில் தலையை முழுசாக வைத்துக் கும்பிட்டோம். படைத்த இலையில் வீட்டு ஆள்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டில் மிஞ்சியிருந்தவன் நான் ஒருவன். அன்றைக்கும் தலை எனக்குத்தான் வந்தது.