வெளியே துருத்திய சக்கரம்

2009-ஆம் வருடம். கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் பெட்டி ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஒன்று எனக்கு இருந்தது. ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். பதினைந்து வருடமாக ஸ்டியரிங் பிடித்தவர். மீன் வியாபாரிகள் எனக்கு லோடு கொடுத்ததே அவரை நம்பித்தான்.

எங்கள் வேன் ஸ்டாண்டில் ஆயுத பூஜை வந்தால், யார் வண்டி எடுப்பாக நிற்கிறது என்பதுதான் ஒரு வாரத்துக்குப் பேச்சு. அந்த வருடம் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பாண்டிச்சேரிக்குப் போய் அகலமான டயரும் அதற்கேற்ற புது வீல் டிஸ்க்கும் எடுத்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், சொல்லத்தான் செய்தார். “இதுல ஆப்செட் மாறுதுங்க. வீலு ரெண்டு இஞ்ச் வெளிய தள்ளி நிக்கும். பாக்க நல்லாருக்கும், லோடு வண்டிக்கு வேணாம்.” பார்க்க நல்லாயிருக்கும் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது.

பூஜையன்று எல்லோரும் என் வண்டியைத்தான் சுற்றி வந்தார்கள். நான்கு நாள் தலை கால் புரியாமல் திரிந்தேன்.

பத்து நாள் கழித்து மாமா மெதுவாகச் சொன்னார். “பள்ளத்துல எறங்குனா ஸ்டியரிங்க புடுங்குது மச்சான். லோடு ஏத்தி வளைச்சா டயரு வேற ஒரசுது. பழைய டிஸ்க்கையே மாட்டிடலாமே.”

“வயசாவுது மாமா, கை தளந்து போச்சு” என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒரு நாள் விடிந்த நேரம். புதுச்சத்திரம் தாண்டி எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங் கையை உதறிவிட்டுத் திரும்பி, வண்டி வயலில் போய் இறங்கியது. மாமாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மீன் பெட்டியெல்லாம் சேற்றில். லோடு கொடுத்த வியாபாரி போனில் கத்தியதும், “மாமா கண் அசந்துட்டாருங்க” என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தானாக வந்தது.

வண்டியைச் சிதம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துப்போனோம். அவர் குனிந்து, மட்கார்டின் உள்பக்கம் டயர் தேய்த்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இந்த வீல வச்சிகிட்டு லோடோட இத்தினி நாள் ஓட்டுனாரா? ஓட்டுனவரு கெட்டிக்காரரு சார்” என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அன்றே பழைய டிஸ்க்கை மாட்டச் சொன்னேன்.

மாமாவின் கை இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. ஆனால் தூங்கி வண்டியைக் கவிழ்த்தவர் என்ற பேச்சு துறைமுகம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் ஓட்டினால் லோடு இல்லை என்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

மனசு கேட்காமல் ஒரு நாள் துறைமுகத்துக்குப் போய், எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். டயர் மாற்றியது நான், தூங்கினார் என்றது பொய், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்ட அந்த வியாபாரி என் தோளில் தட்டினார்.

“அக்கா புருசனுக்காகப் பழிய நீயே ஏத்துக்கற பாரு. ஒன் மனசு யாருக்கு வரும்?”

நான் சொன்ன பொய்யை ஒரே நொடியில் நம்பியவர்கள், உண்மையை இன்றுவரை நம்பவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான் என்று தெரிந்தும் மாமா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.