கம்பவுண்டரம்மாவும் நான்காம் எண் புட்டியும்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த முதல் பஸ், ராஜபாளையத்தில் என் அச்சகத்துக்கு எதிரே நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. டிரைவர் மாடசாமி இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, கம்பவுண்டரம்மா போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காவ. டாக்டர் வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

பஸ்ஸில் இருந்த யாரும் நேரமாகிறது என்று சத்தம் போடவில்லை. எல்லோரும் ஒவ்வொருவராக இறங்கி ரோட்டோரத்தில் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒரு மருந்து கலக்கும் பெண்மணிக்காக ஒரு பஸ் முழுக்க இறங்கி நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடக்கத்தின்போது இரண்டு பேர் பேசினார்கள். கம்பவுண்டரம்மாவான எஸ்தர் அம்மாள் சாந்த சொரூபி, யாரையும் நோகப் பேசாதவர் என்றார்கள். அவரை அறிந்த உங்களுக்கு அது பொய் என்று தெரியும். பலரை நோக வைத்தவர் அவர். என்னையும் நோக வைத்தார். அதை மறைத்து அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். எரிப்பது கரியானாலும் இஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும். அது கிடைத்த கடையில் கிடைத்த டின்னை வாங்கி ஊற்ற வேண்டிய நிலை. அப்படி ஒரு நாள் வன்னியம்பட்டி அருகே ஒரு பஸ்ஸின் இஞ்சின் உருகிப் பிடித்துக்கொண்டது. ஓட்டியவர் எஸ்தர் அம்மாளின் தம்பி தாவீது. எண்ணெயை வெளியே விற்றுவிட்டு வறட்டு இஞ்சினை ஓட்டினான் என்று சொல்லி, முதலாளி அவரை அன்றே வேலையை விட்டு அனுப்பினார். எண்ணெய்த் திருடன் என்ற பெயர் ஒரு வாரத்தில் இரண்டு ஊருக்கும் பரவிவிட்டது. வேறு எந்த முதலாளியும் அவருக்கு வண்டி ஓட்டக் கொடுக்கவில்லை.

அப்போது எஸ்தர் அம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். தம்பி வந்து அழுததை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"ஊத்துனியா, இல்லியா?"

"ஊத்துனேன் அக்கா. கர்த்தர் மேல ஆணை."

"கர்த்தர எதுக்கு இழுக்க? மிச்ச டின்னு எங்க? அத எடுத்துட்டு வா."

டின்னின் அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. ஒரு கரண்டியில் விட்டு விளக்கில் காட்டினார். வீட்டில் வடை சுடுகிற வாசனை வந்தது, கடலை எண்ணெய். படபடவென்று வெடித்தது, தண்ணீர். மீதியை வடிதாளில் வடித்தபோது தாளில் கருப்பாக ஒரு பொடி தங்கியது. காய்ந்த பொடிக்கு அருகே காந்தத்தைக் கொண்டுபோனார். பொடி எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. புது டின் எண்ணெயில் இரும்புப் பொடி எப்படி வரும்? ஏற்கெனவே ஓர் இஞ்சினில் ஓடிக் கழிந்த எண்ணெயை வடித்து, கடலை எண்ணெயைச் சேர்த்து, புது டின்னில் அடைத்து ஈயம் பற்றவைத்தால் வரும்.

தாளையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு அவர் பஸ் முதலாளியிடம் போனார். முதலாளி பார்த்தார். "தம்பிக்காக நீங்களே பொடியப் போட்டிருக்கலாம்லா?" என்றார்.

வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார். இல்லை, சண்டை போட்டிருப்பார். எஸ்தர் அம்மாள், "அவிய கேட்டது சரிதான்" என்று என்னிடம் வந்து சொன்னார். "ஒரு டின்னு சாட்சி ஆகாது அண்ணாச்சி. ஏழு கடை இருக்கு. ஏழுலயும் வாங்கணும். வந்த முடிவ நீங்க அச்சடிக்கணும்."

நான் ஒப்புக்கொண்டேன். வெவ்வேறு ஆட்களை அனுப்பி ஏழு கடைகளிலும் டின் வாங்கினோம். எஸ்தர் அம்மாள் இல்லாத நேரத்தில் இரண்டு சாட்சிகள் முன்னால் டின்களை உடைத்து, எண்ணெயை ஒரே மாதிரிப் புட்டிகளில் ஊற்றினோம். எந்தப் புட்டி எந்தக் கடை என்பது எனக்கு மட்டும் தெரியும்படி எண் ஒட்டச் சொன்னார். "எந்தக் கடைன்னு எனக்குத் தெரிஞ்சா எங் கையி தானா ஒரு பக்கம் சாயும்" என்றார். தம்பியின் டின்னை விற்ற பெரிய கடைக்காரர் மேல் அவருக்கு இருந்த கோபத்தை நான் அறிவேன். அந்தக் கோபத்தையே அவர் நம்பவில்லை.

அவருடைய சோதனையில் மூன்று புட்டிகள் தோற்றன. அவற்றில் ஒன்று பெரிய கடைக்காரருடையது. இன்னொன்று நான்காம் எண். நான்காம் எண் என் மனைவியின் அண்ணன் கடை.

"அம்மா, இத மட்டும் இந்தத் தடவ விட்ருவோம். நான் அவர்ட்ட தனியாச் சொல்லித் திருத்துதேன்" என்றேன். எஸ்தர் அம்மாள் புட்டிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நம்பர் ஒட்டுனது நீங்கதான் அண்ணாச்சி. எனக்கு எந்தக் கடைன்னு இப்பவும் தெரியாது. நீங்க விட்டாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. உங்களுக்குத் தெரியும், அம்புட்டுதான்."

புட்டிகளைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஏழு கடைகளின் பெயரையும் முடிவோடு அச்சடித்தேன். என் மைத்துனர் அன்றிலிருந்து என் வீட்டுப் படியேறவில்லை. என் மனைவி வெகுநாள் என்னோடு பேசவில்லை. இதை எழுதும்போதும் வலிக்கிறது. ஆனாலும் அந்தத் தாளை அச்சடித்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

தாளில் முதலாவதாக வந்த கடைக்காரர் பழக்கூடையோடு எஸ்தர் அம்மாளைத் தேடிப் போனார். டின்னின் மேல் கம்பவுண்டரம்மா பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். எஸ்தர் அம்மாள் அவரிடம் சொன்ன பதிலை டிரைவர்கள் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள்: "நேத்து வாங்குன டின்னு நல்லாருந்துச்சு. நாளைக்கு விக்கப்போற டின்னுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?" பழக்கூடை வந்த வழியே திரும்பியது.

பெரிய கடைக்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். எனக்கு ஒன்று, எஸ்தர் அம்மாளுக்கு ஒன்று. ஆஸ்பத்திரிக்கும் ஆள் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வருகிறது, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேலையை விடு என்று நிர்வாகத்தார் சொன்னார்கள். எஸ்தர் அம்மாள் மருந்து அலமாரிச் சாவிகளை மேஜைமேல் வைத்தார். "மருந்துல கலப்படம் பண்ணாதன்னு இத்தன வருசம் இங்கதான் படிச்சேன். அது எண்ணெய்க்கு ஆகாதுன்னு யாரும் சொல்லித் தரலியே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் எண்ணெய் சோதிக்க ஒரு மேஜையைப் போட்டார். பெரிய கடைக்காரர் ஆட்களோடு வந்தார்.

"மருந்து கலக்குற பொம்பளைக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. எண்ணெய்க்குள்ள இரும்பு இருக்கப்படாதுன்னு மட்டும் தெரியும். உங்க கடையிலேருந்து நீங்களே ஒரு டின்னு கொண்டாங்க. நீங்களே ஒடைங்க. காந்தத்தையும் நீங்களே புடிங்க."

அவர் கொண்டுவந்தார். வடித்துப் பார்த்ததில் தாள் சுத்தமாக இருந்தது. காந்தத்தில் ஒரு துளிப் பொடி ஒட்டவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். தாவீது முகத்தை மூடிக்கொண்டார். எஸ்தர் அம்மாள் என் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்:

"இது நல்ல எண்ணெய். அப்படியே எழுதுங்க அண்ணாச்சி."

நான் எழுதிக்கொண்டிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர், கிணற்று இஞ்சினுக்காக அன்று காலைதான் அதே கடையில் டின் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர். உடைக்காத டின்னை மேஜைமேல் வைத்தார்.

"எம் பயிரு இத நம்பித்தான் நிக்கி. இதையும் பாருங்கம்மா."

கடைக்காரர் டின்னின் வாயில் ஈயப் பற்றின்மேல் இருந்த முத்திரையைப் பார்த்தார். தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. டின்னை உடைத்து எண்ணெயை வடித்தார்கள். காந்தம் கடைக்காரர் கையில்தான் இருந்தது. பொடி மயிர்போல எழுந்து அதில் நின்றது. அவர் கையை உதறினார், அது போகவில்லை.

நோட்டீஸ் அதன்பிறகு பேச்சில்லாமல் போயிற்று. பஸ் முதலாளி நாலு பேர் பார்க்க அங்கேயே வந்து, "தப்பு எம் மேலதான். நாளைக்கு வண்டிய எடுப்பா" என்று தாவீதிடம் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி எஸ்தர் அம்மாளின் வேலையைத் திருப்பித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை. சின்னதாக மருந்துக் கடை ஒன்று வைத்துக்கொண்டு, போன மாதம்வரை எண்ணெய் பார்த்துக் கொடுத்தார். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்புகையில் பெரிய கடைக்காரர் என் பக்கத்தில் நடந்து வந்தார். வயதாகிவிட்டது அவருக்கு. "அம்மாவோட சேந்து இந்த எண்ணெய்ச் சோதனையும் போகட்டுமே அண்ணாச்சி" என்றார். "இப்பல்லாம் நல்ல எண்ணெய்தான வருது?"

எஸ்தர் அம்மாளிடம் எண்ணெய் நல்லதா என்று யார் கேட்டாலும் அவர் தரும் பதில் ஒன்றுண்டு. சொந்தத் தம்பி கேட்டபோதும், நான் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். அவருடைய புட்டிகளைத் தாவீது எடுத்துக்கொண்டார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பதிலை மட்டுமே. அதை அந்த ரோட்டிலேயே, கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியாது. பாத்துட்டுச் சொல்லுதேன்."