கொட்டாஞ்சேனைச் சீனப் பல் கடை

கொரோனா ஊரடங்கு தளர்ந்த வாரம் அது. நான் வெள்ளவத்தை ஃபிளாட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மெல்பேர்னிலிருந்து என் சிநேகிதி அழைத்தாள். ட்ராமில் ஒருவன் அவளைப் பார்த்து "வைரஸ்" என்று கத்தி, இறங்கும்போது அவள் கோட்டில் துப்பிவிட்டுப் போனானாம். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்களாம். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கோ கவலை வேறு எங்கேயோ இருந்தது.

"எனக்கு ஒண்டுமில்லையடி. எங்கட கடை போர்ட்டை நினைச்சாத்தான் நெஞ்சு பதறுது. படிச்ச சனம் இருக்கிற இங்கயே இப்பிடியெண்டா அங்க கொழும்பில என்ன செய்வாங்கள்? அம்மா தனிய இருக்கிறா. நீ ஒருக்காப் போய் அதைக் கழட்டச் சொல்லு. நான் சொன்னாக் கேக்கிறா இல்லை."

அந்த போர்ட்டைத் தெரியாதவர்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கமாட்டார்கள். மூன்று மொழியிலும் சிவப்பு எழுத்தில் "சீனப் பல் வைத்தியர்". சிநேகிதியின் பாட்டனார் சீனாவிலிருந்து துணி மூட்டையோடு கப்பலில் வந்திறங்கி, பிறகு பல் கட்டும் தொழிலுக்கு மாறியவர். அவருக்குப் பின் மகன். மகனும் காலமான பிறகு அவர் மனைவி, அதாவது சிநேகிதியின் அம்மா, கடையைத் தனியாக நடத்துகிறார். நான் அவரை அன்ரி என்பேன். அவரும் கொழும்பிலேயே பிறந்த சீனர். சிநேகிதி என்னோடு தமிழ் மீடியத்தில் படித்தவள். தமிழில் என்னைவிட எப்போதும் அவளுக்குத்தான் புள்ளி கூட. தாயும் சரி மகளும் சரி, சீனாவை டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

அப்போது டிவியைப் போட்டாலே தலைவலி. ஒரு பெரிய நாட்டின் தலைவர் நோய்க்குச் சீனாவின் பெயரைச் சேர்த்துச் சொல்லுவார். சீனாக்காரர் அதை மறுத்து அறிக்கை விடுவார். செத்துக்கொண்டிருந்த சனத்தைப் பற்றி யாருக்கு அக்கறை? எங்கள் ஆட்களாவது ஒழுங்கா என்றால், அதுவுமில்லை. சீனாவிலிருந்து மாஸ்க் பெட்டிகள் வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரவேற்புப் படம் பிடிப்பார்கள். இங்கேயே பிறந்த ஒரு சீனப் பெண் பேக்கரியில் பாண் வாங்க வந்தால் வரிசையை விட்டு விலகி நிற்பார்கள்.

மறுநாள் காலையில் த்ரீவீலரில் போனேன். கடையைக் காட்டியதும் டிரைவர் பத்துப் பதினைந்து கஜம் தள்ளியே நிறுத்திவிட்டார். மிச்சத் தூரம் நடந்தேன்.

கடை திறந்திருந்தது. அன்ரி மாஸ்க்கோடு உட்கார்ந்து ஒரு பல் செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். துறைமுகத்து ஆட்கள் வெள்ளைப் பல் கேட்கமாட்டார்கள். வெற்றிலை போடுகிற வாயில் வெள்ளைப் பல் இருந்தால் கட்டுப்பல் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவர்களுக்கென்று கொஞ்சம் பழுப்பான பல் வைத்திருப்பார் அன்ரி. அது யார் வாயில் இருந்தாலும் அவருக்கு அடையாளம் தெரியும்.

"வாங்க மகள். கொரோனா வீட்டுக்கு வரப் பயமில்லையா?" என்றார்.

"ஆர் அன்ரி அப்பிடிச் சொன்னது?"

"முன் ஒழுங்கை வீட்டுக்காரர். உங்கட ஆக்களாலதான் எங்களுக்கு இந்த நாசம் எண்டு வாசல்ல நிண்டு கத்தினார். கத்தேக்க கீழ்ப்பல் ஆடினது மகள். நான் கட்டின பல்தானே, கண்டவுடனே தெரிஞ்சிட்டுது. பல் முரசு வத்திப்போச்சு. நாளைக்குப் பின்னேரம் வாங்க, இறுக்கித் தாறன், இல்லாட்டிச் சோறு சப்பேலாது எண்டன்."

"வந்தவரா?"

"வராம? பின் கதவால வந்தார். அரை மணித்தியாலம் வாயைத் திறந்துகொண்டு இருந்தார். திறந்த வாயால ஏசேலாதுதானே. எனக்கு நல்ல நிம்மதி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நானாக இருந்தால் அந்தப் பல்லைக் கழற்றிச் சாக்கடைக் கானுக்குள் வீசியிருப்பேன். இந்த மனுஷிக்கு இருக்கிற நெஞ்சுரம் உலகத் தலைவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பிழிந்தாலும் வராது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். ட்ராமில் நடந்ததை மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை, கேட்டுக் கேட்டு எடுத்துவிட்டார். எழுந்து போய்க் கை கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார். மகள் கடைசியாக வந்தது தகப்பனின் அடக்கத்துக்கு. இப்போது இங்கே விமான நிலையம் மூடியிருந்தது. அங்கேயும் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

"போர்ட்டைக் கழட்டலாம் மகள்," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "ஆனா வேற ஒருத்தரும் அதில கை வைக்கப்படாது. அவள் வந்து தன்ர கையால கழட்டட்டும். எவ்வளவு காலம் போனாலும் பரவாயில்லை, நான் பாத்துக்கொண்டு இருப்பன் எண்டு சொல்லுங்க."

அன்று பின்னேரமே அதை அப்படியே சிநேகிதிக்குச் சொன்னேன். முதலில் பல் கதையைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு போர்ட் கதையையும் சொன்னேன்.

"ட்ராமில துப்பினவன் இறங்கேக்க இன்னொண்டும் சொன்னவன்," என்றாள். "உன்ர வீட்டுக்குப் போ எண்டவன். துப்பினதுக்கு நான் அழேல்லையடி. போகேலாம இருக்குதெண்டுதான் அழுதனான்."