கண்டென்சருக்கு வைத்த பொட்டு

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து அடுத்த வருஷம் நடந்தது இது. சேலத்தில் ஒரு நூல் மில்லில் நான் ஒயர்மேன். குடியிருந்தது ஆட்டையாம்பட்டியில். எங்கள் தெரு முழுக்கத் தறிகள். எங்கள் வீட்டிலும் ஒரு குழித்தறி உண்டு. அதில் நெய்கிறவள் என் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. விடிந்ததும் ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் தெருவே ஒரே சத்தமாகிவிடும். அத்தனைக்கும் நடுவில் என் வீட்டுத் தறியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். நாலு அடிக்கு ஒரு தடவை, ஏதோ யோசனை வந்த மாதிரி அது ஒரு நொடி தயங்கும்.

சேலம் ஜங்ஷன் பக்கம் ஒரு வெள்ளைக்கார ரயில்வே குடும்பம் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பலேறியபோது விட்டுப்போன சாமான்களில் ஒரு கிதார் என் கைக்கு வந்து சேர்ந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. நானாகத் தடவித் தடவி நாலைந்து மெட்டுப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பேன். எனக்கே கேட்காது. ஒரு நாள் அவள் தறியை நிறுத்தாமலே சிரித்தாள்.

"ஏனுங்க மாமா, நீங்க வாசிக்கறது கண்ணுக்கு நல்லாத் தெரியுதுங்க. காதுக்குத்தான் வந்து சேர மாட்டேங்குது."

கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கோ அது மனசில் போய் ஒட்டிக்கொண்டது. மில்லில் ஏணிமேல் நிற்கும்போதும் அதே நினைப்பு. அவள் நெய்துகொண்டே இருக்க வேண்டும், அந்தத் தடதடப்புக்கு மேலே என் கிதார் மிதந்துபோய் அவள் காதில் விழ வேண்டும். இப்படி ஒரு கனவு! சோறு தின்கிறேனா மண்ணைத் தின்கிறேனா என்று தெரியாமல் திரிந்தேன்.

சேலத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவன் என் சிநேகிதன். படத்தின் பேச்சைப் பெரிதாக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர் அவனுக்கு அத்துப்படி. கிதாருக்கு அப்படி ஒன்றைச் செய்ய, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று அவன்தான் எனக்குப் படம் வரைந்து கொடுத்தான். பட்டாளத்து மிச்சச் சாமான்களில் வால்வுகளும், டிரான்ஸ்பார்மரும், கண்டென்சரும், ஸ்பீக்கரும், காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்றும் தேடிப் பிடித்தேன். ஹெட்போனின் ஒரு பாதியைக் கிதாரின் வயிற்றில் ஒட்டினால் அதுவே மைக்காகிவிடும் என்றான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, பெட்டி மாதிரி மடக்கி, அந்தத் தகரத்தின்மேல் எல்லாவற்றையும் பொருத்தினேன். கூடவே ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தான் அவன்.

"மாப்ளே, பிளக்கைப் புடுங்குனாலும் கண்டென்சருக்குள்ள கரண்டு உக்காந்திருக்கும். இதை அதுக்குக் குறுக்கால போட்டுப்போடு, தானா வடிஞ்சிரும். மறந்துபோடாதே."

"அட, எனக்கேவா? நான் ஒயர்மேனப்பா!" என்றேன். அந்த மிதப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும். முதலில் பாடட்டும், வடிகாலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தீப்பெட்டியை அலமாரியில் போட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று தெருவில் ஒரு தறி ஓடாது. வெளியே காக்கை கத்தினால் உள்ளே கேட்கும், அவ்வளவு அமைதி. தறியைக் கழுவித் துடைத்து, மிதிகட்டை, நாடா, ராட்டை, கத்தரிக்கோல், என் குறடு, திருப்புளி, சைக்கிள் என்று ஒவ்வொன்றுக்கும் என் மனைவி சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். என் வால்வுகளையும் கழற்றி, துடைத்து, வாழை இலையில் பொரிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. கரண்டு கொடுக்கிற வால்வு ஒன்றை மட்டும் பெட்டியிலேயே விட்டிருந்தேன். டிரான்ஸ்பார்மர் உறுமுகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் பிளக்கைச் சொருகிவிட்டுப் பிடுங்கினேன். அடிப்பக்கத்து முனைகள் மேலே தெரிய பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சைக்கிளுக்கு மாலை கட்ட வாசலுக்குப் போனேன்.

உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க பொட்டிக்கும் வெச்சுப்போடலாமுங்களா? கரண்டு கிரண்டு அடிக்காதுங்களே?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிளக்கைப் புடுங்கியாச்சு அம்மிணி. ஒண்ணும் செய்யாது. தாராளமா வெய்யி" என்றேன்.

மற்ற நேரமாக இருந்தால், சூடாக இருக்கும் வால்வுகளே மிச்சக் கரண்டைக் குடித்துத் தீர்த்திருக்கும். அன்று குடிப்பதற்கு ஆளில்லை. குடிக்கிற வால்வுகள் எல்லாம் இலையில் பூ வைத்துக்கொண்டு படுத்திருந்தன. இவளோ பெட்டிக்கு ஒரு பொட்டு என்று விடுகிற ஜாதியா? டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று, ஒவ்வொரு வால்வுக் குழிக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டே போய், ஈரச் சந்தன விரலைக் கண்டென்சரின் முனையில் வைத்திருக்கிறாள்.

படீரென்று ஒரு சத்தம். பித்தளைத் தட்டு கவிழ்ந்து உருளுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

நான் ஓடியதா விழுந்ததா ஞாபகமில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தரையெல்லாம் சிவப்பு. குங்குமம் என்று புத்திக்கு எட்டவேயில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் கற்பூரப் புகை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்ததும், அதைப் பார்த்தபடி கொன்றுவிட்டேன், நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்ததும் மட்டும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

அவள் கண் மெல்ல என் பக்கம் வந்தது.

"கடிச்சுப்போடுச்சுங்க" என்றாள். அப்புறம், "பொட்டி ஒடஞ்சுபோச்சுங்களா?"

நான் ஓவென்று அழுதேன். ஆண்பிள்ளை, வெட்கம் எல்லாம் எங்கே போனதோ!

மத்தியானம் பொரி வாங்கிப் போக வந்த சிநேகிதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அலமாரித் தீப்பெட்டியையும் என்னையும் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் விரல் நுனி கருகியிருந்தது. முனைக்கும் தகரத்துக்கும் நடுவில் அந்த ஒரு விரல் வழியாகவே கரண்டு போய்விட்டது என்றான்.

"எடது கையை எங்கே வெச்சிருந்தே தங்கச்சி? அதைத் தகரத்துல ஊனியிருந்தா நெஞ்சு வழியாப் போயிருக்குமே!"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "பூசைக்குப் பொட்டு வெக்கறப்போ எங்கீங்கண்ணா ஊனுவாங்க? இப்படித்தானுங்களே வெக்கோணும்" என்று, தட்டைக் கீழே வைத்துவிட்டதாகச் சொல்லி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக் காட்டினாள். கோயிலில் கொடுக்கிற மாதிரி, வாங்குகிற மாதிரி. நாங்கள் இரண்டு கெட்டிக்காரர்கள் இருந்தும், அவளைக் காப்பாற்றியது அந்தக் கைப்பழக்கம்தான்.

பதினைந்து நாள் எங்கள் தறி ஓடவில்லை. தெருவே தடதடக்க, என் வீடு மட்டும் ஊமையாகக் கிடந்தது. பெட்டியை உடைத்துப் போடப் போனேன். "பொட்டு வெச்ச பொருளுங்க, அதைப் போய் ஒடைப்பாங்களா? ஒழுங்கா முடிங்க" என்று தடுத்தாள். ரெசிஸ்டன்ஸைப் பற்றவைத்தேன். அடிப்பக்கத்தைப் பலகை போட்டு மூடுவதற்கு முன்னால், கரண்டைக் கொடுத்து நிறுத்தி, வடிய விட்டு, மரக்கைப்பிடித் திருப்புளியால் முனையைத் தகரத்தோடு தொட்டுப் பார்த்தேன். பொறி பறக்கவில்லை. அப்புறம் என் விரலை வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

விரல் கட்டைப் பிரித்த அன்று காலையில் அவள் தறியில் இறங்கினாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஒரு தந்தியைத் தட்டினேன். அந்த ஒலி தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பி, பாவு நூல்களின்மேல் நடந்து போகிற மாதிரி அவளிடம் போயிற்று. அவள் திரும்பவில்லை. ஆனால் நாலு அடிக்கு ஒரு தடவை வரும் அந்தத் தயக்கம், என் மெட்டு முடிகிற இடத்தில் வந்து விழ ஆரம்பித்தது. எத்தனை நேரம் அப்படி வாசித்தேனோ, தெரியாது.

அவள் விரல் நுனியில் இன்றும் வெள்ளையாக ஒரு வடு இருக்கிறது. அன்று அவள் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். கரண்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னைத் தெரியும். அதை நம்பித்தான் விரலை வைத்தாள். அதனால் இத்தனை வருஷம் கழித்தும், எதையாவது காட்டி "தொடலாமா?" என்று யார் கேட்டாலும், என் கையை முதலில் அதன்மேல் வைத்துப் பார்க்காமல் தலையாட்ட எனக்குத் துணிச்சல் வருவதில்லை.