தவராசா அண்ணை ஏற்றிய கொடி

அன்று காலை நான் முதலில் செய்தது தூதரகக் கொடியை ஏற்றியதுதான். தவராசா அண்ணை மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து அது என் வேலையாகியிருந்தது. கயிற்றில் உறைந்திருந்த பனியைத் தட்டிவிட்டு, கொடியை உச்சிவரை இழுத்துக் கட்டி, உள்ளே வந்து கையுறையைக் கழற்றும்போது தொலைபேசி அடித்தது. அவருடைய மனைவி. "இவர் விடியப்புறம் போயிட்டார், பிள்ளை." யன்னலுக்கு வெளியே கொடி உச்சியில் பறந்துகொண்டிருந்தது. மாலைவரை அப்படியே பறந்தது.

ஒஸ்லோத் தமிழரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. திருகோணமலைக்காரர், நகரின் வெஸ்ட்லிப் பகுதியில் குடியிருந்தவர், மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றின் தூதருக்குப் பதினான்கு ஆண்டுகள் கார் ஓட்டியவர். நாட்டின் பெயரை எழுதவில்லை. அந்தத் தூதரகத்தின் வரவேற்பு மேசையில்தான் இன்றும் நான் இருக்கிறேன்.

தூதர் காரில் இல்லாதபோது முன்னாலுள்ள சிறு கொடிக்கு உறை போடவேண்டும். நானும் காரில் போன ஒருநாள் தூதர் கிழங்கும் மிளகாயும் வாங்கத் தமிழ்க் கடைக்குள் போக, அண்ணை இறங்கி உறையை மாட்டினார். வாசலில் நின்றவர்களில் ஒருவர் சீண்டினார்.

"என்ன தவம், எங்களுக்கொரு நாடில்லை. நீ வேறை ஆற்றையோ நாட்டுக் கொடிக்குச் சட்டை போடுறாய்?"

"கொடிக்காவது சட்டை இருக்கு. நீ முதல் தொப்பியைப் போடு, குளிரிலை காது விழப்போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். தூதர் திரும்பி வந்ததும் அண்ணை உறையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அந்நாட்டின் ஜனாதிபதி இறந்தபோது கொடியை அரைக்கம்பத்தில் விடும்படி உத்தரவு வந்தது. அன்று உதவிக்கு நின்ற நான் நேரே பாதிவரை இழுத்துக் கட்டப் பார்த்தேன். அண்ணை கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடி இல்லை, தங்கச்சி. முதல் உச்சிக்குப் போகவேணும். பிறகுதான் இறக்கவேணும். எவ்வளவு உயரத்திலயிருந்து இறங்கினதெண்டு சனத்துக்குத் தெரியவேணும்."

கடைசிச் சம்பவத்தை எழுதக் கை கூசுகிறது. சென்ற மாதம் தேசிய தின விருந்துக்கு முதல்நாள் அவருக்கு நெஞ்சு நொந்தது. "டொக்டரிட்டைப் போங்கோ அண்ணை" என்றேன். அவர் போய் தூதரக முதற்செயலாளரிடம் விடுப்புக் கேட்டார். விருந்து முடியட்டும் என்று பதில் வந்தது. "ஓம், முடியட்டும். விருந்தாளியள் நடந்தே வாறது?" என்று சிரித்தார். வாகனப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். அவர் பெயரை எல்லா வரிசையிலும் நானே அடித்தேன். அடிக்க முடியாது என்று நானும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலிருந்து இரவுவரை ஓட்டினார். அன்றிரவே மருத்துவமனைக்குப் போனார்; அதன்பின் அவர் தூதரகக் காரில் ஏறவேயில்லை.

இறந்த செய்தியைச் சொல்லி, ஒரு மலர்வளையமாவது அனுப்பலாமா என்று முதற்செயலாளரிடம் கேட்டேன். இங்கேயே அமர்த்திய உள்ளூர்ப் பணியாளருக்கு அப்படி வழக்கமில்லை என்றார். அடுத்த மூச்சில், புதிய சாரதிக்கு எப்போது விளம்பரம் கொடுக்கலாம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்குக்குத் தூதரகத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான். கடை வாசலில் சீண்டியவர் வந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கயிற்றடிப் பாடம்தான். காலையில் எனக்கு முன் யாரும் வேலைக்கு வருவதில்லை. வரும் திங்கட்கிழமை கொடியை முதலில் உச்சிவரை ஏற்றுவேன். பிறகு பாதிக்கு இறக்கிக் கட்டுவேன். யார் இறந்தது என்று கேட்டால் பெயரைச் சொல்வேன், அந்த வாகனப் பட்டியலையும் சேர்த்து. வேலை போகலாம். வீட்டில்கூட இதை இன்னும் சொல்லவில்லை.