நாலாம் பிறையைக் காட்டினேன்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்தன்று, கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். அவருடைய தங்கை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நாலாம் பிறையப் பாக்கக்கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். அண்ணி டெலஸ்கோப் வச்சில்ல பாத்தாங்க. எங்கண்ணன் போயிட்டாரு."

நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றபோதே அப்படித்தான்.

பார்த்தது உண்மை. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகன், சும்மா கிடந்த தொலைநோக்கியைக் கொண்டுவந்து தந்தான். ஐந்தாவது மாடி நடைபாதை மேற்கே பார்த்திருக்கும். பொழுது சாய்ந்ததும் கணவர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்வார். நான் பார்த்துப் பார்த்துப் பள்ளிக்கூட நோட்டில் வரைவேன். பௌர்ணமியில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கல்லில் ஊற்றிய தோசைமாவு மாதிரி வெள்ளையாக இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில்தான் குழிகளுக்கு நிழல் விழும். அந்த ஓரம் தினமும் கொஞ்சம் நகரும். நேற்று விளிம்பு மட்டும் மின்னிய குழிக்கு இன்று அடிவரை வெயில் இறங்கியிருக்கும். ஒரு நாள் விட்டால் ஒரு குழி போச்சு.

"நாலாம் பிறைக்கு மட்டும் லீவு விட்டா நோட்டுல ஓட்டை விழும் லா, பாரு," என்றவர் அவர்தான். மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் மாரடைப்பில் போனவரும் அவர்தான்.

நாத்தனார் சொன்னது ஊர் முழுக்கப் போயிற்று. கோயிலில் பெண்கள் எனக்கு 'நாலாம் பிறை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் வந்தால் கல்யாணமான மகள்களைத் தள்ளி உட்கார வைத்தார்கள். ஒன்றரை வருடம் பொறுத்தேன். பொறுத்தேன் என்றால் மறந்தேன் என்று அர்த்தமில்லை.

நாத்தனாரின் கணவருக்கு இருதய ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம், முறைக்குச் சொல்லிவிட்டுப் போக என்னைப் பார்க்க வருவதாகப் போன் செய்தாள். நாள்காட்டியைப் பார்த்தேன். அவள் சொன்ன நாள் வளர்பிறைச் சதுர்த்தி, நாலாம் பிறை. அன்று காலை நான் தேதித் தாளைக் கிழிக்கவில்லை. முந்தின நாளின் திருதியை அப்படியே தொங்கியது. மழை வந்துவிடக்கூடாதே என்றுதான் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழரை மணிக்கு மேற்கே பிறை கிண்ணம் மாதிரி மல்லாந்து கிடந்தது. அவள் நாள்காட்டியைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மூணாம் பிறையா அண்ணி? பாத்தா ரொம்ப நல்லதாச்சே!"

"வந்து பாரு," என்றேன். பொய் சொல்லவில்லை.

குனிந்து பார்த்தாள். "ஐயோ, அம்மைத் தழும்பு மாதிரி இருக்கே! இது என்ன, கறுப்பா?"

"நான் அதுக்கு மைப்பொட்டுன்னு பேர் வச்சிருக்கேன். சமவெளியாம். கொஞ்சம் தள்ளிப் பாரு. ஒரு குழி நடுவுல மேடு தெரியுதா?"

"தெரியுது, தெரியுது! அழகா இருக்கு அண்ணி." கண்ணை எடுக்கவே இல்லை.

ஆசை தீரப் பார்க்கவிட்டேன். பிறகு உள்ளே அழைத்துப் போய், அவள் கண் முன்னால் அந்தத் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் சதுர்த்தி.

அவள் முகம் வெளுத்தது. "தெரிஞ்சே பண்ணீங்களா? அவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன், அண்ணி!"

"தெரியும்."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க அண்ணி."

ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை நான் கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடியும்வரை பத்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டும் நன்றாகச் செய்தேன்.

அவர் நலமாக வீடு திரும்பினார். பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். திண்ணென்று உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வீடு நிறைய ஆட்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை பேர் முன்னால் பேசினேன்.

"நீயும்தான் நாலாம் பிறை பாத்த. உன் வீட்டுக்காரரு நல்லா இருக்காரு. அப்போ எங்க வீட்டுக்காரரு எதனால போனாரு? சொல்லு."

குரல் நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது கோயிலில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் மாதாமாதம் சதுர்த்தியன்று, வானம் தெளிவாக இருந்தால், அவளுக்குப் போன் போடுகிறேன்.

"மைப்பொட்டு நல்லாத் தெரியுது. வந்து பாக்கறியா?"