நான்கு விரல் குறைந்த பெல்பாட்டம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை. தறியில் உட்கார மாட்டேன் என்று சித்தப்பா மெட்ராஸுக்குப் போய் ரெடிமேட் கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இரண்டு வருடமாக இப்படித்தான். அவர் ஆரணிக்கு வந்தால், கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இருவரும் என் வழியாகத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்த முறை சித்தப்பா ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். களம்பூரில் அவருக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அண்ணன் உடன் வராவிட்டால் பெண் வீட்டார் காப்பியோடு அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ இன்னாத்துக்கு அவ்ளோ துணின்னு கேளு."

சித்தப்பா எனக்குப் பாடம் நடத்தினார். "முட்டி வரைக்கும் ஒட்டிகினு வந்து கீழ விரிஞ்சா பெல்பாட்டம். மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா வந்தா பேரலல். கணுக்கால்ல குறுகினா டைட்ஸ். போய் உங்கப்பாகிட்ட சொல்லு."

ஒன்று விடாமல் சொன்னேன். ஊரிலேயே ஜீன்ஸ் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"முட்டியில சாயம் ஏன் போச்சாம்?"

"அது ஃபேஷன்னு சொல்லு."

சாயம் போகாது என்று சத்தியம் செய்து பட்டுப்புடவை விற்கிற ஊர் எங்களுடையது. தம்பி வெளுத்த துணியோடு பெண் பார்க்கப் போவதை அப்பாவால் தாங்க முடியவில்லை போலும். மறுநாள் கொடியில் கிடந்த ஜீன்ஸைச் சுருட்டிக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். கொதிக்கும் அண்டாவில் முக்கி எடுத்து, காயவைத்து, சாயங்காலம் கருநீலமாகக் கொண்டுவந்து அதே கொடியில் போட்டார். நிறம் அற்புதமாகத்தான் இருந்தது. கால்கள்தான் சுருங்கி நான்கு விரல் மேலே ஏறிப்போயிருந்தன.

போச்சு என்று நினைத்தேன். சித்தப்பா கத்தப்போகிறார், அப்பா களம்பூருக்கு வரப்போவதில்லை.

"யாரு சாயம் போட்டது?" என்றார் சித்தப்பா.

"அப்பா."

சித்தப்பா ஜீன்ஸை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே அப்பாவும் சலவை வேட்டியில் வந்து பஸ் ஏறினார். என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் அப்பா என்னை விட்டுவிட்டு நேராகவே கேட்டார்.

"அளவு சரியா கீதா?"

"கரெக்டா கீதுண்ணா."

எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலையையும் பிடுங்கிக்கொண்டு பொய் வேறு சொல்கிறார்கள். "பெல்பாட்டம்னா குதிகால மூடணும்ப்பா. இது மூடவே இல்ல" என்று ஆரம்பித்தேன். சித்தப்பா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

உள்ளதைச் சொன்னதற்கு எதற்காகக் கிள்ளு என்று களம்பூர் வரைக்கும் அழுதுகொண்டே கேட்டேன். அப்பாவுக்கு அது காதில் விழவேயில்லை. என் மடிக்கு மேலாகக் கையை நீட்டி, சித்தப்பாவின் முட்டியைத் தேய்த்துத் தேய்த்து, விரலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடுகிற சங்கதியை எதற்காக வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்றுதான் எனக்கு விளங்கவேயில்லை.